ஹார்ட்விக் ஹாலில் சுவரை விடச் சன்னல்தான் அதிகம் என்கிறார்களே, அந்தக் கல்மாளிகை எப்படி 400 வருஷம் தாண்டியும் நிற்கிறது?

விடை வீட்டுக்குள்ளே இருக்கிறது. நடுவில் நீளவாக்கில் ஒரு தடித்த கற்சுவர், முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது. கணப்புகளும் புகைபோக்கிகளும் பெரும்பாலும் அதில்தான். அதனால் வெளிச்சுவரைச் சன்னலுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. துருத்தி நிற்கும் ஆறு கோபுரங்களும் சுவரை மடித்து மடித்து விறைப்பாக்குகின்றன.

இங்கிலாந்தின் டார்பிஷயரில் 1590-97இல், ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத், செல்லமாக பெஸ், அவருக்காகக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்ஸன் வடிவமைத்தது இது. மணற்கல் பெஸ்ஸின் நிலத்திலேயே வெட்டியது.

சன்னலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே பெரிய கண்ணாடி கிடையாது. ஈயப் பட்டையில் கோத்த சின்னச் சின்னத் துண்டுகள். அவற்றைச் சுற்றி நிற்கும் கற்சட்டங்கள்தான் பாரம் தாங்குகின்றன. சில சன்னல்கள் வெறும் பாவனை, பின்னால் இருப்பது புகைபோக்கி! வெளித்தோற்றம் இருபக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. மாடி ஏற ஏறச் சன்னலின் உயரம் கூடும். கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடங்கள். அந்தஸ்தின் படிநிலையை வெளியே நின்றே படித்துவிடலாம். கோபுர உச்சியில் பெஸ்ஸின் பெயரெழுத்துகளான 'ஈ.எஸ்.' (எலிசபெத் ஷ்ரூஸ்பரி) கல்லில் செதுக்கியபடி வானத்தைப் பார்த்து நிற்கின்றன.