பள்ளிவாசலும் ஜெப ஆலயமும் மட்டுமா சுரிநாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். அண்மையில் சுரிநாம் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். தலைநகர் பராமரிபோவில் யூதர்களின் ஜெப ஆலயமும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இந்தியர், ஆப்பிரிக்கர், ஜாவாக்காரர், சீனர் எல்லோரும் சண்டையின்றி வாழும் வெப்பமண்டலச் சொர்க்கம் என்றார்கள். இவ்வளவு சிறிய நாட்டில் இது எப்படி வாய்த்தது? அந்த மக்களின் இயல்பே அதுவா? அங்கே தமிழர் உண்டா? மாணவர்களுக்குச் சொல்ல ஒரு பொதுச் சித்திரம் தேவை.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

காணொளியில் நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் "அது அவர்களின் இயல்பு" என்ற விளக்கத்தை வகுப்பறைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த மண்ணுக்கு யார் யார் வர வேண்டும் என்று முடிவு செய்தது தோட்ட முதலாளிகளின் கணக்கு. வந்து சேர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் வாழக் கற்றுக்கொண்டது அவர்களே உழைத்து ஈட்டியது. அதை இயல்பு என்று சொல்லிவிட்டால் அந்த உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும்.

சிறிய நாடு என்பதையும் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். தென் அமெரிக்காவில் மிகச் சிறிய நாடு அதுதான். ஆனாலும் தன்னை ஆண்ட நெதர்லாந்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்பு கொண்டது. மக்கள் ஆறு லட்சத்துக்குச் சற்று முன்பின். பெரும்பாலோர் அட்லாண்டிக் கரையோரத்தில் வாழ்கிறார்கள். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு.

1667-இல் டச்சுக்காரர்கள் கையில் உறுதியான அந்த நாட்டில் கரும்பும் காப்பியும் விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1863 ஜூலை 1 அன்று அடிமை முறை ஒழிந்தது. ஓர் அடிமைக்கு 300 கில்டர் (டச்சு நாணயம்) வீதம் இழப்பீடு கிடைத்தது, அடிமைக்கல்ல, உடைமையாளருக்கு. விடுதலை பெற்றவர்களோ மேலும் பத்தாண்டுகள் அரசின் மேற்பார்வையில் தோட்டங்களிலேயே கூலி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1873 ஜூலை 1 அன்று அந்தக் கெடு முடிய முழுதாக ஒரு மாதம்கூட இல்லாதபோது, 1873 ஜூன் 5 அன்று, 'லல்லா ரூக்' என்ற கப்பல் ஏறக்குறைய 400 இந்திய ஒப்பந்தக் கூலிகளுடன் வந்து சேர்ந்தது. இந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிப் போடுங்கள். மாணவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

1916 வரை சுமார் 34,000 இந்தியர்கள் அப்படிப் போனார்கள். பெரும்பாலும் போஜ்புரி, அவதி பேசும் வட்டாரத்து மக்கள், கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். அவர்கள் பேச்சிலிருந்து உருவான சர்னாமி மொழி இன்றும் அங்கே வழங்குகிறது. தமிழர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பெருமளவில் போனது மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு. சுரிநாமில் தமிழரைத் தேடிப் பயனில்லை.

1890 முதல் ஜாவாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். அவர்களைப் பற்றிய ஒரு செய்தி என்னை மிகவும் நெகிழ வைப்பது. ஜாவாவிலிருந்து பார்த்தால் மக்கா மேற்கே இருக்கிறது. தென் அமெரிக்காவுக்கு வந்த பிறகு அது கிழக்கே போய்விட்டது. ஆனால் ஊரில் மேற்கு நோக்கித் தொழுதவர்கள் இங்கும் மேற்கு நோக்கியே தொழுதார்கள், பள்ளிவாசல்களையும் அப்படியே கட்டினார்கள். பின்னால் வந்த சீர்திருத்தக்காரர்கள் கிழக்கே திரும்பச் சொன்னபோது சமூகம் இரண்டு தரப்பாகப் பிரிந்தது. மேற்கு நோக்கிய பள்ளிவாசல்கள் இன்றும் இருக்கின்றன. பெரிய வீதியில் இரண்டு மதங்கள் அடுத்தடுத்து நிற்பதைவிட, ஒரே மதத்துக்காரர்கள் எதிரெதிர்த் திசையில் தொழுதபடி ஒரே ஊரில் வாழ்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சொர்க்கம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். 1975 நவம்பர் 25 அன்று நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நெதர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1980-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1982 டிசம்பரில் வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள் உட்பட எதிர்ப்பாளர்கள் 15 பேர் தலைநகரின் கோட்டைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நீங்கள் எழுதிய பட்டியலில் 'ஆப்பிரிக்கர்' என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்துவிட்டவர்கள் மரூன்கள். தோட்டங்களிலிருந்து தப்பி, காட்டுக்குள் ஆற்றங்கரைகளில் ஊர் அமைத்து, தங்களைப் பிடிக்க வந்த படைகளோடு போரிட்டு நின்றவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். டச்சுக்காரர்களால் வெல்ல முடியவில்லை. 1760-இல் இன்ஜூகா மக்களோடும், 1762-இல் சரமாக்கா மக்களோடும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அடிமை முறை ஒழிவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே சுதந்திரம் பெற்றவர்கள் என்று பொருள். 2012 கணக்கெடுப்பின்படி மக்களில் 21.7 விழுக்காட்டினர் மரூன்கள், 27.4 விழுக்காட்டினரான இந்திய வம்சாவளியினருக்கு அடுத்த பெரிய இனம்.

1960-களில் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுப்பதற்காக அஃபோபாக்காவில் சுரிநாம் ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். தேங்கிய நீர் சரமாக்கா நிலத்தில் ஏறக்குறையப் பாதியை விழுங்கியது. சுமார் 6,000 பேர் ஊரும் மூதாதையர் கல்லறைகளும் நீருக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு வெளியேறினார்கள். நீர் ஏறியபோது ஒரு விலங்கு நல அமைப்பு படகுகளில் போய்க் மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத், குரங்கு, எறும்புத்தின்னி போன்ற ஆயிரக்கணக்கான காட்டு விலங்குகளை மீட்டது. அது நல்ல காரியம்தான், உலகமும் பாராட்டியது. அந்த மக்களுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். வெட்டாமல் விட்ட மரங்கள் பட்டுப்போய் ஏரிக்கு மேலே இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆலையை மூடிவிட்டார்கள்.

சரமாக்கா மக்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் காட்டில் மரம் வெட்டவும் சுரங்கம் தோண்டவும் அரசு உரிமம் வழங்கியதை எதிர்த்து அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த நிலத்தில் அவர்களுக்குக் கூட்டுரிமை உண்டு, பெரிய திட்டம் எதுவானாலும் அவர்களின் சம்மதம் வேண்டும் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. அந்த உரிமையைச் சட்டமாக்கும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. இப்போது கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்திருக்கிறது, 2028-இல் எடுக்கத் தொடங்குவதாகத் திட்டம்.

உங்கள் வரைபடத்தில் நாட்டின் வடகிழக்கில் பெரிய நீல ஏரி ஒன்று இருக்கும், பெயர் புரோகோபோண்டோ. அதைத் தொட்டுக் காட்டி, அடியில் ஊர்கள் இருக்கின்றன என்று பாடத்தைத் தொடங்குங்கள். ஜெப ஆலயத்தையும் பள்ளிவாசலையும் அதற்குப் பிறகு காட்டலாம்.