வேலூரில் சொந்த வீட்டில் வசிக்கும் மூத்த குடிமக்களுக்குச் சொத்து வரியில் சலுகை உண்டா?

சத்துவாச்சாரியில் சொந்த வீட்டில் வசிக்கும், ஓய்வூதியத்தை மட்டுமே நம்பியிருக்கும் உங்கள் பெற்றோருக்குச் சொத்து வரி குறைக்கப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதைக் காட்டிக் குறைப்புப் பெற வழியில்லை. தமிழ்நாட்டில் கட்டடத்தின் பரப்பு, அமைந்துள்ள தெரு, கட்டுமான வகை, பயன்பாடு ஆகியவற்றைப் பார்த்தே இவ்வரி விதிக்கப்படுகிறது. உள்ளே குடியிருப்பவரின் வயதோ வருமானமோ கணக்கில் வருவதில்லை.

2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட வரிச் சீராய்வில், சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில், குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்வு விதிக்கப்பட்டது. சிறிய வீட்டுக்காரரைக் காக்கும் ஏற்பாடு என்ற அளவில் இதில் நியாயம் உண்டு. ஆனால், கொசப்பேட்டையிலோ வேலப்பாடியிலோ கூட்டுக் குடும்பக் காலத்தில் கட்டிய பெரிய வீட்டில், பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட பின் தனியே இருக்கும் மூதாட்டிக்கு இந்த அளவுகோல் பொருந்தவே இல்லை. அரையாண்டுக்கு 1,400 ரூபாய் கட்டிவந்தவருக்கு அது 2,800 ஆகும். அவருடைய குடும்ப ஓய்வூதியம் அப்படி இரட்டிப்பாவதில்லை.

நடைமுறையில் கையில் கிடைப்பது, யார் கட்டினாலும் உள்ள 5 விழுக்காடு ஊக்கத்தொகைதான். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் செலுத்தினால் இது கழிக்கப்படும். உச்சவரம்பு 5,000 ரூபாய். மேற்சொன்ன 2,800 ரூபாயில் 140 ரூபாய் குறையும். பெரிய தொகையன்று, எனினும், நிலுவை வைத்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பயன் தரக்கூடியது, வரிவிதிப்புப் பதிவில் உள்ள பரப்பையும் பயன்பாட்டையும் சரிபார்ப்பது. முன்னறையில் என்றோ நடத்தி மூடிய தையல் கடை இன்னமும் வணிகப் பயன்பாடாகப் பதிவில் நின்றால், வீட்டுக்குரிய விகிதத்தைவிடக் கூடுதலாகவே கட்டிக்கொண்டிருப்பார்கள். வீடு மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். பிறகு திருத்தம் கோருவது எளிது. மாடியை வாடகைக்கு விட்டிருந்தால், அந்தப் பகுதிக்காக அந்த ஆண்டில் உண்மையாகச் செலுத்திய வரியை, வருமான வரிக் கணக்கில் வாடகை வருவாயிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

வயதுச் சலுகை நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்று அல்ல. டெல்லி மாநகராட்சியில், தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, மூத்த குடிமக்களுக்கு 30 விழுக்காடு தள்ளுபடி உண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் அப்படியே. அமெரிக்காவின் டெக்சாஸில் 65 வயதானவர், தாம் வசிக்கும் வீட்டின் வரியைக் கட்டாமல் தள்ளிவைக்கலாம். அது வட்டியோடு வீட்டின் மீது கடனாக நின்று பின்னாளில் வசூலாகும். நம் ஊரில் வாரிசுகள் அதற்குச் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம். எனக்கு டெல்லி முறையே ஏற்புடையதாகத் தோன்றுகிறது: பரப்புக்கு வரம்பு இருப்பதால் மாளிகைக்காரருக்குச் சலுகை அளவோடு நிற்கும், தாமே குடியிருக்க வேண்டும் என்பதால் மகன் அப்பாவின் பெயரை வைத்து வாடகை வீட்டுக்குத் தள்ளுபடி வாங்க முடியாது.

உங்கள் தந்தை முன்னாள் படைவீரராக இருந்தால் (நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம்), மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள்.