ரம்பத்துக்கு முன் மூன்று வாளி

கேள்வி: மலேசியாவின் கிள்ளானில் வீட்டு முன்கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறேன். கிளைவிடும் ஹேம்மர் பவளம் ஒன்று இரண்டு ஆண்டுகளில், கிளை நுனியில் சதை விரிந்த பதினொரு தலைகளாகப் பெருகியது. சிறு துண்டுகளாக விற்கலாம் என்று எலும்பு வெட்டும் கத்தரியால் ஐந்து தலைகளை வெட்டினேன். இரண்டு கிளைகள் நெடுக்காகப் பிளந்துவிட்டன. நான்காம் நாள் அவற்றில் பழுப்புச் சளி கட்டியது. வாரம் முடிவதற்குள் பக்கத்தில் வைத்திருந்த இரண்டும் கரைந்து போயின. ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. தப்பு கத்தரியில்தான், வைரப்பொடி பதித்த பேண்ட் சா என்ற மேசை ரம்பம் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது, அதிலேயே பட்டன் பவளம் ஒட்டிய பாறையையும் அறுத்துக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். விலை என் இரண்டு மாதச் சம்பளம். எந்த ரம்பம் வாங்கலாம் ஐயா?

பதில்: எதையும் வாங்காதீர்கள் தம்பி, இப்போதைக்கு.

கடைக்காரர் சொன்னதில் கால்பங்கு உண்மை உண்டு. எலும்புக் கத்தரி அறுப்பதில்லை, நசுக்குகிறது. விரல் பருமன்கூட இல்லாத அக்ரோபோராப் பவளக் கிளையையும் தகடாக வளரும் மாண்டிபோராப் பவளத்தையும் அது பட்டென்று ஒடித்துக் கொடுத்துவிடும். ஹேம்மரின் கிளை தடித்தது. உள்ளே மெல்லிய சுண்ணாம்புச் சுவர்கள் நிற்கும் குழாய் அது. இரண்டு பக்கமும் நெருக்கினால் கரும்பைப் பிளந்ததுபோல வெடிப்பு மேலே ஏறித் தலையின் தசையைக் கிழித்துவிடும். உங்கள் இரண்டு கிளைகளுக்கும் நடந்தது இதுதான்.

அதற்கு மருந்து பேண்ட் சா அல்ல. கையடக்கமான சுழல் கருவியில் வைரத் தகடு மாட்டினால் போதும். பிறகு வாங்கும்போது பேட்டரியில் ஓடுவதாகப் பாருங்கள். ஈரக் கையோடு மின்கம்பியை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். வெட்டுமுன் விரலால் லேசாகத் தொட்டுத் தலையைச் சுருங்க விடுங்கள். சதை முடியும் இடத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் கீழே, வெறும் சுண்ணாம்பாக நிற்கும் தண்டில் தகட்டை வையுங்கள். அங்கே உயிரே இல்லை. செத்த இடத்தை எதைக் கொண்டு அறுத்தாலும் பவளத்துக்குத் தெரியப்போவதில்லை. கிளையில்லாமல் சுவர்போல வளரும் ஹேம்மர், மூளைப் பவளம் போன்றவற்றில் சதைக்கு நடுவே அறுத்துத்தான் ஆக வேண்டும். பேண்ட் சாவுக்கு அங்கேதான் வேலை, அவை உங்களிடம் இல்லை.

சரி, பிளந்தவை இரண்டு. பிளக்காத மற்ற இரண்டும் ஏன் செத்தன? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பழுப்புச் சளி என்பது காயம்பட்ட தசையைத் தின்னும் பாக்டீரியாக்களும், குற்றிழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்களும் சேர்ந்த கூழ். ஒரு தலையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் வழியாகப் போகும். எத்தனை பாத்திரங்களில் வெட்டினீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரே வாளியாகத்தான் இருந்திருக்கும், பந்தயமே கட்டுவேன்.

மூன்று வாளிகள் வேண்டும். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்தே மூன்றையும் நிரப்புங்கள். உப்பும் சூடும் ஒன்றாகவே இருக்கும். முதல் வாளியில் வெட்டக் காத்திருப்பவை. இரண்டாவதில் வெட்டியதை அலசிச் சுண்ணாம்புத் தூளையும் சளியையும் உதிர்க்க வேண்டும். மூன்றாவதில் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கு அயோடின் கலந்து, அதில் சொன்ன நேரம் மட்டும் முக்கி எடுக்க வேண்டும். ஒரு தாய்ப் பவளம் முடிந்ததும் இரண்டாவதையும் மூன்றாவதையும் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. உப்பு விலை ஏறிவிட்டது என்று அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் ஊற்றியவன்தான். இன்னொன்று, பகலில் ஐந்தடியில், அதாவது வீட்டு முன் நடையில், உட்கார்ந்து வெட்டாதீர்கள். குளிரூட்டியோடு 26 டிகிரியில் இருந்த பவளம் நம் ஊர் மதிய வெயிலில் சிறு வாளிக்குள் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். இரவில் வெட்டுங்கள்.

வாளியில் லாபம் கிடையாது. அதனால்தான் எந்தக் கடைக்காரரும் உங்களிடம் வாளியைப் பற்றிப் பேசவில்லை. வெட்டிய துண்டை ஒட்ட, 'பவளப் பசை' என்று மீன் படம் போட்டு மூன்று மடங்கு விலைக்கு அவர்கள் விற்பதும் சயனோஅக்ரிலேட் ஜெல்தான். பெயின்ட் கடையில் கிடைக்கும் சூப்பர் குளூ ஜெல்லிலும் இருப்பது அதுவே. கத்தரி 'துருப்பிடிக்காதது' என்பதையும் நம்ப வேண்டாம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் உப்பு எந்த எஃகையும் தின்றுவிடும்.

அடுத்தது பட்டன் பவளம். அதை ரம்பத்தில் அறுக்கச் சொன்னவர் வாசலை இனி மிதிக்காதீர்கள். அந்தக் குடும்பத்தில், முக்கியமாகப் பாலித்தோவா பேரினத்தில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாயில் பாலித்தோவாவிலிருந்துதான் முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்தார்கள். சுழலும் தகடு அதைச் சாரலாக்கி உங்கள் கண்ணிலும் மூச்சிலும் அடிக்கும். பாறையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யப்போய், ஆவியை மூச்சில் இழுத்து, வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. கொதி வெப்பம் அந்த நஞ்சை அழிப்பதில்லை. பட்டனுக்கு அறுவைக் கத்தி போதும். தண்ணீருக்குள் வைத்தே, தலைகளுக்கு நடுவிலுள்ள தோலை மட்டும் கீறுங்கள். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம். கையில் சிறு கீறல் இருந்தாலும் அன்று தொடாதீர்கள். கத்தியையும் பட்டனை வெட்டிய வாளியையும் பிளீச் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

விற்பனையைப் பற்றி ஒரு வரி. ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், கல் பவளங்கள் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. வீட்டில் வளர்த்ததானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடத்தாதீர்கள்.

மிஞ்சிய ஒற்றைத் தலையை மெல்லிய நீரோட்டத்தில், தாயிடமிருந்து தள்ளி வையுங்கள். மறுபடி சளி தெரிந்தால் உடனே பம்பை நிறுத்தி, குழாயால் உறிஞ்சி வாளியில் விட்டு, தலையை வெளியே எடுத்து அயோடினில் முக்குங்கள். தாய்ப் பவளத்தின் ஆறு தலைகளை இரண்டு மாதம் தொட வேண்டாம். அதுவரை தொட்டி நீரின் காரத்தன்மையை வாரம் இருமுறை அளந்து எழுதி வைத்து, அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். எண்கள் ஏறி இறங்காமல் இருந்தால் சுழல் கருவியின் தகட்டு அளவைப் பற்றிப் பேசலாம்.