எண்பது சதவீதம் என்றால், எத்தனை பேரில்?

வாசகர் கேள்வி: அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்று ஆசை. கிர்க்ஸ்வில் ஊரில் இருக்கும் ட்ரூமன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் நல்ல ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்திருக்கிறது. கொலம்பியாவில் மிசௌரி பல்கலைக்கழகத்திலும் இடம் உண்டு, ஆனால் எங்களுக்குச் செலவு அதிகமாகும். ட்ரூமன் என்றாலே தெரிந்தவர்கள் "அது எங்கே இருக்கு?" என்கிறார்கள். சின்ன அரசுக் கல்லூரியில் படித்தால் மெடிக்கல் ஸ்கூலில் மதிப்பார்களா? நாங்கள் பார்க்கப் போன வேறொரு கல்லூரியில், தங்கள் மாணவர்களில் 80 சதவீதம் பேருக்கு மெடிக்கல் ஸ்கூல் கிடைப்பதாகச் சொன்னார்கள். அங்கேயே சேர்த்துவிடலாமா? (ஒரு அம்மா)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த எண்பதைப் பார்த்துவிடுவோம். நாடு முழுக்க எம்.டி. படிப்புக்கு (இங்கே டாக்டராவதற்கான அடிப்படைப் பட்டமே அதுதான், இளங்கலை முடித்த பிறகு சேர்வது) வருடத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள். சேர்பவர்கள் சுமார் 23,000 பேர், அதாவது பாதிக்கும் கீழே. ஒரு கல்லூரியில் மட்டும் எண்பது எப்படி வரும்? ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். முதல் வருடம் நூறு பேர் "நான் ப்ரீமெட்", அதாவது இளங்கலை முடித்து மெடிக்கல் ஸ்கூல் போகப்போகிறேன், என்று வருகிறார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முடியும்போது அதில் பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள். மிச்சமிருப்பவர்களில் மார்க் குறைந்தவர்களைக் கூப்பிட்டு, "உனக்குக் கமிட்டி லெட்டர் (கல்லூரிக் குழு தரும் சிபாரிசுக் கடிதம்) தர முடியாது, ஒரு வருடம் பொறுத்து வா" என்று சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் இருபது பேர் விண்ணப்பித்துப் பதினாறு பேருக்குக் கிடைக்கிறது. எண்பது சதவீதம்! பொய் சொல்லவில்லை, நூற்றுக்கு எண்பது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அதனால் ட்ரூமனிலும் மிசௌரியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். முதல் வருடம் ப்ரீமெட் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பித்தார்கள்? கமிட்டி லெட்டர் வழக்கம் இருந்தால் யாருக்கு மறுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். விடை தெரியாமல் விழித்தாலும் பரவாயில்லை. பேச்சை மாற்றினால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பார்களா என்ற கவலை எனக்கு அவ்வளவாக இல்லை. ப்ரீமெட் என்பது தனிப் பட்டம் அல்ல. பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், பிசிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி என்று சில பாடங்களை முடித்திருந்தால் போதும், மேஜர் எதுவாகவும் இருக்கலாம். மெடிக்கல் ஸ்கூல் முதலில் பார்ப்பது ஜி.பி.ஏ.வும் (நாலுக்கு எவ்வளவு என்று போடும் மார்க் சராசரி) எம்கேட்டும் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு). சேர்பவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.8-ஐ ஒட்டி இருக்கிறது, எம்கேட் 528-க்கு 511, 512. சின்னக் கல்லூரிப் பெண்ணும் ஐவி லீக் பையனும் எழுதுவது அதே எம்கேட்தான்.

அதற்கு அப்புறம்தான் சிபாரிசுக் கடிதம். இதில் சின்னக் கல்லூரியின் பக்கம்தான் நான். என் அக்கா மகன் படித்தது ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில். முதல் வருட கெமிஸ்ட்ரி வகுப்பில் நானூறு பேர். மூன்றாம் வருடம் கடிதம் கேட்டு அந்தப் பேராசிரியரிடம் போனான். அவர் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. "உன் ரெஸ்யூமேயை அனுப்பு, உன்னைப் பற்றி நீயே ஐந்தாறு வரி எழுதி அனுப்பு" என்றார். அன்று இரவு எங்கள் டைனிங் டேபிளில் லேப்டாப்போடு உட்கார்ந்து, "நான் ஆர்வமுள்ளவன்னு நானே எப்படி சித்தி எழுதறது?" என்று கேட்டான். அவனைப் பற்றிச் சொல்ல அவரிடம் இருந்தது ஒரு ஏ கிரேடு மட்டும்தான். இருபது முப்பது பேர் வகுப்பில், லேபில் ஃபிளாஸ்க்கை உடைத்துவிட்டு மறுநாள் வந்து சோதனையைத் திரும்பச் செய்தவள் யார் என்பது ஆசிரியருக்கு ஞாபகம் இருக்கும். ஆராய்ச்சியும் அப்படித்தான். பெரிய இடத்தில் பிஎச்.டி. மாணவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். சின்ன இடத்தில் கருவியை இவளே தொடலாம்.

கிர்க்ஸ்வில் சின்ன ஊர்தான், ஆனால் மருத்துவத்துக்குப் புதிய ஊர் அல்ல. உலகத்தின் முதல் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியை ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் தொடங்கியது அங்கேதான். இன்றும் அவர் பெயரிலேயே ஏ.டி. ஸ்டில் யுனிவர்சிட்டியாக நடக்கிறது. அந்த வழியில் படித்தால் கிடைக்கும் டி.ஓ. பட்டம் என்றதும் நம் ஆட்களில் சிலர் "ஓ, எலும்பு டாக்டரா" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அமெரிக்காவில் டி.ஓ.வும் முழு டாக்டர்தான், அறுவை சிகிச்சை உட்பட எல்லாம் செய்யலாம். 2020 முதல், பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் எடுக்கும் ரெசிடென்சிப் பயிற்சிக்கும் எம்.டி., டி.ஓ. இரு தரப்புக்கும் ஒரே அங்கீகார முறைதான். ட்ரூமன் மாணவர்களுக்கு அங்கே முன்கூட்டியே இடம் தரும் ஏற்பாடு ஏதாவது இப்போது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இனி, என்னை யோசிக்க வைக்கும் விஷயம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ட்ரூமனில் ஆறாயிரம் பேரை ஒட்டிப் படித்தார்கள், இப்போது நாலாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. பிள்ளைகள் குறைந்தால் முதலில் குறைவது பாடங்கள்தான். மூன்றாம் வருடப் பாடம் ஒன்று ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடக்கும் என்றால் எம்கேட் திட்டமே தள்ளிப்போகும். பயோகெமிஸ்ட்ரி எந்த செமஸ்டர்களில் நடந்தது என்று கடந்த இரண்டு வருடப் பாட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பெரிய போதனா மருத்துவமனை வேண்டுமென்றால் கொலம்பியாதான், அங்கே பல்கலைக்கழகத்துக்குச் சொந்த மருத்துவமனையே இருக்கிறது. ட்ரூமனில் சேர்ந்தால் டாக்டர் பின்னால் நின்று பார்க்கும் ஷேடோயிங்கில் பாதியைக் கோடை விடுமுறையில் செயின்ட் லூயிஸிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பணத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு கிராட் பிளஸ் (மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் மத்திய அரசு தந்த கடன்) கிடையாது. மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். பல மெடிக்கல் ஸ்கூல்களில் ட்யூஷன் மட்டுமே அந்த வருட வரம்பைத் தாண்டும். இளங்கலையில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டாலரும் அங்கே கை கொடுக்கும். ஆனால் ஸ்காலர்ஷிப் நிலைக்க ஜி.பி.ஏ. எவ்வளவு வேண்டும், ஒரு செமஸ்டர் சறுக்கினால் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பள்ளியில் டூயல் கிரெடிட் (பள்ளியில் இருக்கும்போதே படிக்கும் கல்லூரிப் பாடம்) எடுத்திருந்தால் அந்த மார்க்கும் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் கணக்கில் சேரும். இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

பதில்கள் திருப்தியாக இருந்தால் நான் ட்ரூமனைத்தான் சொல்வேன். ஒரே ஒரு தயக்கம், டாக்டர் ஆசை உண்மையில் உங்கள் மகளுடையதா என்பது. அவள் மனம் மாறினால் திரும்புவதற்கு மிசௌரி பல்கலைக்கழகத்தில் பாதைகள் அதிகம். அதை அவளிடம் தனியாகக் கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது.

முடிவு எடுக்கும் முன் இன்னொரு தடவை கிர்க்ஸ்வில் போய் வாருங்கள். பலூன் கட்டி வரவேற்கும் சனிக்கிழமை வேண்டாம். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், முன்கூட்டியே அனுமதி கேட்டு, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் பின் வரிசையில் அவள் மட்டும் உட்காரட்டும். ப்ரீமெட் ஆலோசகரிடமும் அவளே பேசட்டும். நீங்கள் இருவரும் அதுவரை காரிலேயே இருங்கள், ஒரு ஃபிளாஸ்க் காபியோடு.