பதில்: மகளுக்கு சிங்கப்பூர் சீமெய் ஐடிஇயில் (தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில்) தாதிமைப் படிப்பு (நர்சிங்) சரிவருமா?

அக்கா, பள்ளித் தோழிகள் உயர்நிலைப் பள்ளியிலேயே ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டதால் மகள் சோர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். என் மகளும் ஐடிஇயில் சேர்ந்த முதல் வாரம் அழுதாள். ஆனால் ஐடிஇ வகுப்பு முழுக்கக் கரும்பலகைப் பாடம் இல்லை. நிஜ வார்டு போலக் கட்டில்கள் போட்ட பயிற்சி அறையில் ரத்த அழுத்தம் பார்ப்பது, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது என்று கையால் செய்து பழகுவார்கள். அப்புறம் மருத்துவமனைப் பயிற்சி. அங்கே ஒரு பாட்டியிடம் தமிழில் பேசி அவரைச் சாப்பிடவைத்துவிட்டு வந்த நாளில்தான் என் மகள் முகம் மலர்ந்தது.

நட்புக்கு, தொடக்கத்திலேயே ஏதாவது ஓர் இணைப்பாட நடவடிக்கையில் சேரச் சொல்லுங்கள். நல்ல மதிப்பெண் எடுத்தால் பாலிடெக்னிக் டிப்ளோமாவுக்கும் வழி இருக்கிறது. தூரம்தான் கவலையென்றால், சீமெய் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.