புகைபோட்ட சூரை சாப்பிட்டதும் முகம் சிவந்தது ஏன்?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரின் வள்ளத்தில் தூண்டில் போடப் போவேன். பழைய பீப்பாயை வெட்டி, மொட்டைமாடியில் புகையடுப்பு செய்திருக்கிறேன். போன வாரம் காலை 6 மணிக்குப் பிடித்த நாலு சூரையை ஈரச்சாக்கால் மூடி, மதியம் 1 மணிக்கு வீடு கொண்டுவந்து, உப்புநீரில் ஊறவைத்துப் புகைபோட்டோம். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மனைவிக்கும் மகனுக்கும் முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி. எனக்கு ஒன்றுமில்லை. மீன் அலர்ஜி, இனி மீனே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புகைதான் காரணமா? மிச்ச மீனை மாடித்தோட்டத் தொட்டிகளில் புதைக்கலாமா?

பதில்: உங்கள் புகையடுப்பு மேல் தப்பில்லை. தப்பு, காலை 6 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இடையில் நடந்திருக்கிறது. அந்த ஏழு மணி நேரமும் மீன் வெக்கையில் கிடந்திருக்கிறது, ஒரு கட்டி ஐஸ் இல்லாமல்.

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே நிறைய உண்டு. மீன் செத்ததும் செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியா சதைக்குள் பரவும். சூடு இருந்தால் அது ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நம் உடம்பு அலர்ஜியின்போது வெளிவிடுவதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் அறிகுறிகள் அலர்ஜி போலவே இருக்கும்: முகச் சிவப்பு, தடிப்பு, தலைவலி, படபடப்பு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. ஈரச்சாக்கு வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். மீனை ஐஸ் அளவுக்குக் குளிர வைக்க அதனால் முடியாது.

உருவான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் பொரித்தாலும் புகைபோட்டாலும் போகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். "நல்லா வெந்துடுச்சே சார்" என்பார்கள். வெந்தால் பாக்டீரியா சாகும், அது ஏற்கெனவே செய்துவைத்த ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். வாசனையில் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நாற்றமே வராத மீனிலும் அது இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு கடித்தது போலச் சுருக்கென்று இருந்தால் உடனே துப்பிவிடுங்கள். ஆனால் எல்லா நேரமும் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

உங்களுக்கு ஏன் ஒன்றுமில்லை? ஹிஸ்டமின் மீனுக்குள் சமமாகப் பரவுவதில்லை. ஒரு துண்டில் நிறைய, பக்கத்துத் துண்டில் கொஞ்சம் என்று இருக்கும். உங்கள் தட்டுக்கு வந்தது நல்ல துண்டு.

அலர்ஜி என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தனை வருஷம் மீன் சாப்பிட்டவர்கள் இரண்டு பேருக்கு, ஒரே சாப்பாட்டில், ஒரே நேரத்தில் புதிதாக அலர்ஜி வருவது அபூர்வம். ஹிஸ்டமின் நஞ்சை அலர்ஜி என்று சொல்லிவிடுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். மீன் எத்தனை மணிக்குப் பிடித்தது, ஐஸ் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. சீட்டில் அலர்ஜி என்று எழுதிவிட, அந்தக் குடும்பம் பத்து வருஷம் மீனைத் தொடுவதில்லை. மீன்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இது நடந்திருக்கிறது. நடந்ததை மணிக்கணக்கோடு டாக்டரிடம் சொல்லி, ஹிஸ்டமின் நஞ்சாக இருக்குமா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் அலர்ஜி பரிசோதனை செய்து முடிவு தெரியட்டும், அதுவரை இருவருக்கும் மீன் வேண்டாம். இன்னொரு முறை இப்படி வந்து மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி வள்ளம் ஏறும்போது தெர்மாகோல் பெட்டியும், பிடிக்கப்போகும் மீனின் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸும் எடுத்துப் போங்கள். தூண்டிலில் ஏறிய அரை மணிக்குள் குடலும் செவுளும் எடுத்து, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணித்துப் புதைத்துவிடுங்கள். சூரை, அயிலை, சாளை, நெத்திலி, சீலா எல்லாவற்றுக்கும் இதுதான் விதி.

ஐஸ் எங்கே கிடைக்கும் என்பீர்கள். அது நியாயமான எரிச்சல். பல ஐஸ் ஆலைகளில் முழுக்கட்டிதான் தருவார்கள், பத்து கிலோ கேட்டால் முகத்தைத் திருப்புவார்கள். ஏற்றுமதிக்குப் போகும் சூரைக்கு ஹிஸ்டமின் சோதனை செய்கிறார்கள். நம் தெருவில் கூடையில் வரும் சூரையை யாரும் சோதித்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டு வயிற்றுக்கு இருக்கும் மரியாதை உள்ளூர் வயிற்றுக்கு ஏன் இல்லை என்று நான் கேட்காத கூட்டம் இல்லை.

இதைவிட எனக்குப் பெரிய பயம் கரையில் நிற்கும் தரகர்கள். தூண்டிலில் ஒன்றும் சிக்காத நாளில் வெறுங்கையோடு வீடு போக மனம் வராது. அந்த நேரம் பார்த்து வருவார்கள். நேற்றைய சூரையை அலசி, மேலே புது ஐஸ் தூவி, "இப்பத்தான் இறங்குச்சு" என்பார்கள். மேல் ஐஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். கையை விட்டு அடி மீனைத் தொடுங்கள். அடி மீன் வெதுவெதுப்பாக இருந்தால் பேரமே வேண்டாம். புகைபோடுவதற்கென்று பையில் மரத்தூள் விற்பவர்களும் இந்த ரகம்தான். பிளைவுட் பட்டறைத் தூளில் பசை கலந்திருக்கும். பேக்கிங் பெட்டிப் பலகையும் கூடாது, பூச்சிமருந்துப் புகை பட்டதாக இருக்கலாம். கொய்யா, மா விறகும் தேங்காய் மட்டையும் போதும்.

அடுத்து உங்களுக்குத் தோன்றப்போகும் கேள்வி: நம் ஊர் மாசிக் கருவாடும் புகைபோட்ட சூரைதானே, அது மாதக்கணக்கில் டப்பாவில் கெடாமல் இருக்கிறதே? மாசியைக் கையில் எடுத்துத் தரையில் தட்டிப் பாருங்கள், விறகுக்கட்டை போல் சத்தம் வரும். சூரையை உப்புநீரில் வேகவைத்து, முள்ளெடுத்து, புகைபோட்டு, பிறகு நாள்கணக்கில் வெயிலில் காயவைத்துக் கல்லாக்குகிறார்கள். உள்ளே ஈரம் மிகக் குறைவாக இருப்பதால் பாக்டீரியாவுக்கு அங்கே வேலையில்லை. உங்கள் பீப்பாயில் இரண்டு மணி நேரம் புகைந்த மீன் வெளியே பொன்னிறம், உள்ளே ஈரம். அதை மாசியாக நினைத்து அலமாரியில் வைக்காதீர்கள். மாசிக்கும் இன்னொன்று சொல்ல வேண்டும்: முதலிலேயே கெட்ட சூரையில் செய்த மாசியில் ஹிஸ்டமினும் சேர்ந்தே காய்ந்திருக்கும். வெயிலில் காயவைப்பது, புகை, உப்பு எதுவும் பழைய குற்றத்தை அழிக்காது.

புகைபோடும் முறையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தடித்த இடத்தில் தெர்மாமீட்டர் குத்தி, உள்ளே 63 டிகிரி செல்சியஸ் 30 நிமிஷம் நிற்கிறதா என்று பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். காற்று உறிஞ்சிய கவரில் அடைத்து வெளியே வைப்பது மிக ஆபத்து, காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக்கிருமி உண்டு.

சரி, தோட்டம். மிச்சமிருக்கும் புகைமீனைத் தொட்டியில் போடாதீர்கள். செடிக்கு ஹிஸ்டமின் பிரச்சினையில்லை, அதிலிருக்கும் உப்புதான் பிரச்சினை. சின்னத் தொட்டி மண்ணில் உப்பு தங்கினால் வெண்டையும் தக்காளியும் இலை ஓரம் கருகும். பூனையும் நாயும் எடுக்காதபடி கட்டிக் குப்பையில் போடுங்கள். அடுத்த முறை உப்பு போடுவதற்கு முன்பே எடுக்கும் குடலையும் செவுளையும் சம எடை வெல்லத்தோடு பிசைந்து, மூடிய வாளியில் மூன்று வாரம் நிழலில் வையுங்கள். அதுதான் செடிக்குத் தெளிக்கும் மீன் அமிலம். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள். கடையில் பாட்டிலில் வாங்கத் தேவையில்லை.