கிரீம் பன் ஜிஎஸ்டி நகைச்சுவை ஏன் அவ்வளவு பரவியது?

2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தொழில்துறையினரைச் சந்தித்தார். அன்னபூர்ணா ஹோட்டல் உரிமையாளர் சீனிவாசன் எழுந்து, பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே வைக்கும் கிரீமுக்கு 18 சதவீதம் என்றார். ‘கிரீமைத் தனியாகக் கொடுங்கள், நானே தடவிக்கொள்கிறேன்’ என்று வாடிக்கையாளர் கேட்கிறாராம்! அரங்கமே சிரித்தது.

வரி அட்டவணை யாருக்குப் புரியும்? பன் எல்லோருக்கும் புரியும். அதுதான் விஷயம். ஆனால் பேச்சோடு நிற்கவில்லை; அப்புறம் சீனிவாசன் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்ட வீடியோவும் பரவியது. கட்சியினர் அதை வெளியிட்டதற்கு அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் பாப்கார்ன் வரிப் பேச்சு வந்தது: அப்போது பொட்டலம் கட்டாத உப்புப் பாப்கார்னுக்கு 5, பாக்கெட்டில் அடைத்ததற்கு 12, கேரமல் பூசினால் 18 சதவீதம். மீம் போடுகிறவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?